திரும்பி வராத தண்ணீர்

கொதிகலன் வருகிற நாளன்று அருள்மலர் விடிய முன்பே எழுந்து, வேலைக் காற்சட்டையை மாட்டி, தலைமயிரை இறுக்க முடிந்துகொண்டு யன்னலடிக்குப் போய்விட்டாள். லொறி வருவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. கணவன் கிருபாகரன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் திணித்தான். அதை ஆறவிட்டுவிட்டு மறுபடி வீதியையே பார்த்தாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கிறவள்கூட இவ்வளவு அந்தரப்பட்டிருக்க மாட்டாள். வரப்போவதோ ஓர் இரும்புப் பெட்டி.

அவர்கள் குடியிருக்கும் வீடு சுவிஸில், ஃப்ரிபூர்க் நகரில், கீழே சரின் ஆறு வளைந்து போவது தெரிகிற ஒரு மேட்டுத் தெருவில் நிற்கிறது. நாலு மாடி, மாடிக்கு இரண்டு வீடு, தடித்த கல்லுச் சுவர், கால் வைத்தால் முனகுகிற மரப்படி. ஊரில் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் குழாய்க்குள் ஓடுகிற சுடுதண்ணீர் சூடாக்குகிறது. இந்த வீட்டை மட்டும் ஆவி சூடாக்குகிறது. நிலவறையில் இருக்கிற கொதிகலனில் தண்ணீர் கொதிக்கும். ஆவி தன்பாட்டில் குழாயால் மேலே ஏறி, ஒவ்வொரு வீட்டிலும் சுவரோரம் நிற்கிற இரும்பு ரேடியேட்டருக்குள் புகும். சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து, மறுபடி தண்ணீராகி, வந்த குழாயாலேயே வழிந்து இறங்கிக் கொதிகலனுக்குள் போய்ச் சேரும். அதைத் தள்ளுவதற்குப் பம்பு கிடையாது, சரிவுதான் எல்லாம். அப்படி இறங்கி வருகிறதை அருள்மலர் "திரும்பு தண்ணி" என்பாள். திரும்பு தண்ணி ஒழுங்காக வந்தால் கொதிகலன் பாட்டுக்கு வேலை செய்யும். வராவிட்டால் வற்றிப்போய் நின்றுவிடும். இவ்வளவும் தெரிந்தால் போதும், மிச்சக் கதை விளங்கும்.

போன பங்குனியில் பழைய கொதிகலன் வெடிப்பு விட்டு ஒழுகத் தொடங்கியது. வீட்டின் சொந்தக்காரர்கள் யாரென்று குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக வாடகை வாங்குவதும் உடைந்ததைத் திருத்துவதும் ரெஜி என்று எல்லோரும் சொல்கிற நிர்வாக அலுவலகம்தான். ரெஜியிலிருந்து வந்தவர் நிலவறையை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆவிக் கூத்து போதும், எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகச் செய்துவிடலாம் என்றார். பிடுங்குவதென்றால் சுவரை உடைக்க வேண்டும், நிலப்பலகையைக் கிளப்ப வேண்டும், குடியிருக்கிற அத்தனை பேரையும் வீட்டை விட்டு எழுப்ப வேண்டும். அப்படித் திருத்திய வீட்டுக்குப் பழைய ஆட்கள் மறுபடி குடிவந்ததாக அந்தத் தெருவில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

அருள்மலர் அன்றைக்கே தன் முதலாளி மிஷெலைக் கூட்டிக்கொண்டு ரெஜிக்குப் போனாள். மிஷெல் சின்னதாக ஒரு சூடாக்கிக் கொம்பனி நடத்துகிறார். அவரோடு வேலை செய்கிற நாலு பேரில் இவள் ஒருத்திதான் பெண். பழைய ரேடியேட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, புதிய கொதிகலன் ஒன்றைப் பூட்டினால் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும், வேலையை நானே முன்னின்று செய்கிறேன் என்று அவள் சொன்னாள். ரெஜிக்காரர், ஐப்பசி முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், அன்றைக்குக் கொதிகலன் நில்லாமல் எரிந்து எல்லா வீடும் சூடாக இருந்தால் இப்படியே விட்டுவிடுவதாகவும், நின்றுவிட்டால் எல்லோருக்கும் வீட்டை விடச் சொல்லி அறிவிப்பு வருமென்றும் சொன்னார்.

இவளுக்கு ஆவி மேல் இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தது மன்னாரில், பேசாலைக் கடற்கரையில். சண்டைக்குள் இடம்பெயர்ந்து, கொழும்புக்கு வந்து, பிறகு ஒரு மாதிரி சுவிஸ் வந்து சேர்ந்து, அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலம் முடிந்ததும் கிடைத்த முதல் வேலை லோசானில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். கூட வேலை செய்தவர்களுக்கு அந்த இடம் நரகம். ஒரே புழுக்கம், ஒரே இரைச்சல். இவளோ முதல் நாளே தலைக்கு மேலே போகிற குழாய்களை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தச் சூடெல்லாம் எங்கிருந்து வருகிறது, வந்தது எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு அங்கே இருந்த பராமரிப்புக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டாள். பத்து வருடம் படுக்கை விரிப்பு மடித்த பிறகு, நாற்பதை எட்டுகிற வயதில், பதினாறு வயதுப் பிள்ளைகளோடு வாங்கிலில் இருந்து சூடாக்கித் தொழில் படித்தாள். பிரெஞ்சில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த அன்று கிருபாகரன் மூன்று குடும்பத்துக்குப் புரியாணி போட்டான். அந்தப் பெண்ணுக்கு இப்போது தான் குடியிருக்கிற வீட்டிலேயே ஓர் ஆவிக் கொதிகலனைப் பூட்டக் கிடைத்திருக்கிறது. தேத்தண்ணி ஆறாமல் என்ன செய்யும்?

லொறி வந்தது. கொதிகலனைப் படியால் இறக்குவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. பிறகு ஒன்றரைக் கிழமை அருள்மலர் நிலவறையிலேயே கிடந்தாள். திரும்பு தண்ணி கொதிகலனுக்குள் நுழைகிற இடத்தில் குழாயை ஒரு வளைவாக மேலே தூக்கி இறக்க வேண்டும். கீழே எங்காவது ஓட்டை விட்டாலும் கொதிகலன் வெறுமையாகி எரிந்துபோகாமல் அந்த வளைவு காக்கும். அவள் அதை ஒரு தடவை செய்து, பிடிக்காமல் கழற்றி, மறுபடி செய்தாள். மிஷெல் பார்த்துவிட்டுத் தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். அன்று அவள் படியேறி வந்தபோது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்ததாக மூன்றாம் மாடி இராஜேஸ்வரி அக்கா சொல்கிறா.

ரெஜிக்காரர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, நெருப்பு மூட்டினார்கள். கொதிகலனின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அதில் பார்க்கலாம். அருள்மலர் அதன் முன்னால் குந்தியிருந்தாள். தண்ணீர் கொதித்தது, பெரிய குழாய் சூடேறியது, சூடு ஒவ்வொரு அடியாக மேலே போவதை அவள் கையால் தொட்டுத் தொட்டு அறிந்தாள். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து கிருபாகரனின் குரல் படிக்கட்டால் இறங்கி வந்தது. இராஜேஸ்வரி அக்கா வீட்டில் சூடு, முதலாம் மாடி மதாம் ஏபி வீட்டில் சூடு, நாலாம் மாடிப் போர்த்துக்கல் குடும்பத்தின் வீட்டிலும் சூடு. மிஷெல் அவளுடைய தோளில் தட்டினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் கண்ணாடியில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இறங்கட்டும், ஆவியாகப் போனது திரும்பி வருமட்டும் இறங்கத்தான் வேண்டும். ஆனால் அது இறங்கிக்கொண்டே போய், கடைசிக் கோட்டுக்கும் கீழே போய், கண்ணாடி வெறுமையானது. காவல் விசை டக்கென்று விழுந்தது. நெருப்பு அணைந்தது.

பொறுத்திருந்து பார்த்தார்கள். திரும்பு தண்ணி சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அதுவும் பாதிகூட இல்லை. மேலே குழாய்கள் சுத்தியலால் அடிக்கிறது போல டங்கு டங்கென்று சத்தம் போட்டன. புதிதாகத் தண்ணீர் விட்டு மறுபடி மூட்டினார்கள், மறுபடி நின்றது. மூன்றாம் தடவையும் தண்ணீர் விட்டார்கள். நெருப்பு இல்லாமல் எல்லாம் ஆறிய பிறகு, பின்னேரம், மேலே எங்கேயோ ஒளித்திருந்ததெல்லாம் மெல்ல மெல்லச் சேர்ந்து இறங்கிக் கொதிகலனைக் கழுத்து மட்டும் நிரப்பிவிட்டது. இந்தக் கூத்தை வெள்ளிக்கிழமை ரெஜிக்காரர் முன்னால் ஆட முடியாது.

மிஷெல் விசயத்தைச் சரியாகத்தான் பிடித்தார். பழைய கொதிகலனுக்குப் பெரிய வயிறு. இரண்டு மூன்று குளியல் தொட்டித் தண்ணீரை அது வைத்திருந்தது. மேலே கொஞ்சம் தங்கினாலும் அதற்கு உறைக்கவில்லை. புதியது சின்னது, சிக்கனமானது. போன தண்ணீர் உடனே திரும்பாவிட்டால் தாங்காது. ஆகவே தண்ணீர் எங்கேயோ தங்குகிறது, பல காலமாகத் தங்கியிருக்கிறது, இத்தனை வருடமும் டங்கு டங்கென்று அதைத்தான் குழாய்கள் சொல்லியிருக்கின்றன. நிலவறைக் கூரையில் போகிற குழாய்தான் எங்காவது தொய்ந்திருக்கும் என்று அவர் நினைத்தார். வியாழக்கிழமை காலை முழுவதும் இருவரும் ரசமட்டத்தை வைத்து அடியடியாகப் பார்த்தார்கள். எங்கேயும் தொய்வு இல்லை. நிலம் காய்ந்து கிடந்தது, ஒழுக்கும் இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. திரும்பு தண்ணியைப் பிடித்து வைக்க ஒரு பெரிய தாங்கியும், அதைக் கொதிகலனுக்குள் தள்ள ஒரு பம்பும். அந்த நிலவறையில் அதற்கு இடமில்லை. சுவரை இடித்து இடம் எடுக்கலாம், ஆனால் அதைச் சொன்ன உடனே ரெஜி எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லிவிடும். மிஷெல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வா, பிறகு யோசிப்போம் என்றார். அவருடைய குரலில் நம்பிக்கை இல்லை. தான் வாயைக் கொடுத்துத்தான் இந்த வேலை வந்தது. எட்டு வீட்டுச் சாமானும் தெருவில் வருவது அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

இரண்டாம் மாடியில் கிருபாகரன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். உணவகத்தில் வெள்ளைக்காரருக்கு ஃபொண்டு என்கிற உருக்கின சீஸ் கிண்டுகிற வேலை அவனுக்கு, வியாழனில் லீவு. பொரிக்கிற புகை போவதற்குக் குசினிக் கதவை ஒரு மரக்கட்டையை அடைகொடுத்துத் திறந்து வைத்திருந்தான். யோசனையோடு வந்த அருள்மலர் அதில் கால் பெருவிரலை இடித்துக்கொண்டாள். வலியில் குனிந்து அந்தக் கட்டையைக் கையில் எடுத்தாள்.

எத்தனை வருடமாக அந்தக் கட்டை அந்த இடத்தில் கிடக்கிறது. எத்தனை தரம் அதைத் தாண்டிப் போயிருப்பாள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த ஓக் மரக்கட்டை. கையில் எடுத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். மேல் பக்கத்தில் வட்டமாக ஒரு பள்ளம், பாரமான ஏதோவொன்று பல காலம் அமர்ந்த தடம். பள்ளத்தின் ஓரத்தில் மண்ணிறப் பெயின்ற் ஒட்டியிருந்தது. வரவேற்பறை ரேடியேட்டரின் நிறம். ரேடியேட்டரைக் கிருபாகரன் பிரெஞ்சில் சோஃபாஜ் என்பான்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "இந்தக் கட்டை எங்க எடுத்தனீங்கள்?"

கிருபாகரன் மீனைத் திருப்பிப் போட்டான். "உந்த சோஃபாஜின்ர காலுக்குக் கீழ கிடந்தது. வடகத் தட்டு வழுக்கி விழுந்து முழுக்க நாசமாப் போச்செல்லே, அண்டைக்குத்தான் உருவினனான். இப்ப பாரும், எவ்வளவு மட்டமா நிக்குது."

வடகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கிருபாகரனைப் பற்றிச் சொன்னதாகாது. உழுந்தை ஊறப்போட்டு அரைத்து, செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் மன்னாரிலிருந்து பார்சலில் வருகிற வேப்பம்பூவும் போட்டு அவன் பிடிக்கிற வடகத்துக்கு ஃப்ரிபூர்க்கில் மட்டுமில்லை, லோசானிலும் ஆட்கள் இருக்கிறார்கள். காயவைக்கத்தான் வெயில் இல்லை. குளிர்காலத்தில் அவனுக்கு வெயில் என்றால் ரேடியேட்டர்தான். அதன் மேல் தட்டை வைத்தால் இரண்டு நாளில் வடகம் கலகலவென்று காய்ந்துவிடும். ஆனால் அந்த ரேடியேட்டர் ஒரு பக்கம் சரிந்து நின்றது. கட்டின புத்திசாலி கோணலாகக் கட்டிவிட்டான் என்று தீர்மானித்து, இராஜேஸ்வரி அக்காவின் புருசன் நித்தியானந்தனைக் கூட்டிவந்து, அலவாங்கால் நெம்பி, உயர்ந்த பக்கத்துக் காலுக்குக் கீழே இருந்த கட்டையை உருவிவிட்டான். அது நடந்தது அருள்மலர் தொழிற்பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில்.

அருள்மலர் பெட்டியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து ரேடியேட்டரின் மேல் வைத்தாள். குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது. சுடுதண்ணீர் ஓடுகிற வீடுகளில் ரேடியேட்டர் இப்படித்தான் மட்டமாக நிற்க வேண்டும். தினம் தினம் அப்படித்தான் அவள் பூட்டுகிறாள். அதனாலேயே இத்தனை நாளும் இது கண்ணில் குத்தவில்லை. ஆவி வீட்டில் ரேடியேட்டர் குழாய்ப் பக்கம் சரிந்து நின்றால்தான் உள்ளே ஊறுகிற தண்ணீர் வழிந்து இறங்கும். மட்டமாக நின்றால் அங்கேயே தேங்கிக் கிடக்கும். கைவிரல் தடிப்புச் சரிவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எங்கட வீட்டில மட்டுமோ உருவினது?"

"சீ, எல்லார் வீட்டிலயும்தான்," என்றான் கிருபாகரன், பெருமையோடு. "ஆக்கள் கேட்டா மாட்டன் எண்டு சொல்லுறதோ?"

இராஜேஸ்வரி அக்காவுக்கு மோர்மிளகாய் காயவைக்க வேண்டியிருந்தது. போர்த்துக்கல்காரிக்குப் பிள்ளைகளின் சப்பாத்து. மதாம் ஏபி கணவனை இழந்து தனியாக இருக்கிற மனுசி, தோட்டத்து அப்பிளைச் சீவிக் காயவைக்கிற பழக்கம் அவவுக்கு. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, ஒரு சதமும் வாங்காமல், வீடு முழுவதையும் கிருபாகரன் மட்டமாக்கியிருந்தான். அருள்மலர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் இடையில் கணவனைப் பார்த்து, நீங்கள்தானப்பா எங்கட தண்ணியைக் களவெடுத்து வைச்சிருக்கிறியள் என்றாள். விளக்கிச் சொன்னபோது அவனுடைய முகம் வெளிறிப்போனது. அடுப்பை நிறுத்தினான். மீன் பாதி வெந்தபடியே கிடந்தது.

அவளுக்குச் சந்தோசம் தலைக்கேறிவிட்டது. தாங்கியும் வேண்டாம், பம்பும் வேண்டாம், சுவரும் இடிக்க வேண்டாம். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. படிகளில் குதித்து இறங்கி மிஷெலிடம் கட்டையைக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கதையைக் கேட்டு, கொதிகலனில் சாய்ந்துகொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு உடனே தன் வான் வண்டிக்குப் போய்த் தூக்கு ஜாக்கியை எடுத்துவந்தார்.

அந்த வீட்டின் நிலம் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு விதமாகச் சரிந்திருந்தது. பழைய தச்சன் அந்தந்த இடத்துக்கு அளவாகக் கட்டை வெட்டி, அடியில் எந்த அறைக்குரியது என்று குடைந்தும் வைத்திருந்தான். பழைய கட்டைகளே கிடைத்தால் அளவெடுத்து மினக்கெட வேண்டியதில்லை. கிருபாகரன் நல்ல மரத்தை எறிகிற ஆளும் இல்லை, தேவைப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தான். பின்னேரம் முழுவதும் கட்டை தேடும் படலம் நடந்தது. இராஜேஸ்வரி அக்காவின் தையல் மெசின் மேசைக்குக் கீழே இரண்டு. மதாம் ஏபியின் அலுமாரிக் காலுக்குக் கீழே ஒன்று. போர்த்துக்கல் வீட்டு யன்னலில் ஒன்று. கிடைக்கக் கிடைக்க அருள்மலர் அந்தந்த அறைக்குக் கொண்டு ஓடினாள், மிஷெல் ஜாக்கியை வைத்துத் தூக்கினார், நித்தியானந்தன் கட்டையைச் செருகினார். ஒவ்வொரு தரமும் ரேடியேட்டருக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் களக்கென்று அசைந்து குழாய்ப் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிற நேரமெல்லாம் அவள் மிஷெலைத் திரும்பிப் பார்த்தாள், அவரும் இவளைப் பார்த்தார்.

மூன்று கட்டை மட்டும் அகப்படவில்லை. கிருபாகரன் பார்த்த இடத்தையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். அருள்மலர் விடவில்லை. கடைசியில் அவன் நிலவறை அலுமாரியைத் திறந்து, நத்தாருக்கு எடுக்கிற பெரிய பெட்டியை இறக்கினான். அதற்குள் பாலன் குடில். குடிலுக்குப் பின்னால் பச்சைப் பெயின்ற் அடித்து, வைக்கோல் ஒட்டி, பஞ்சால் பனி போட்ட பெத்லகேம் மலை. மலையின் அடியில் மூன்று ஓக் கட்டையும் ஆணி அடித்துக் கிடந்தன. உந்த மலைய உடைக்க வேண்டாம், பாலன் எங்க படுக்கிறது என்று அவன் தயங்கினான். நாங்கள் எங்க படுக்கிறது எண்டு யோசியுங்கோ என்றாள் அவள். மலை கழன்றது.

வெள்ளிக்கிழமை காலையில் ரெஜிக்காரர் வந்தபோது நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நெடிய, மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். கண்ணாடிக் குழாயின் முன்னால் அருள்மலர் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். தண்ணீர் இறங்கியது. கடைசிக் கோட்டுக்கு மேலே வந்து தயங்கி நின்று, நடுங்கி, பிறகு மெதுவாக ஏறத் தொடங்கியது. கீழ்க்குழாய்க்குள் சலசலவென்று தண்ணீர் இறங்கி வருகிற ஓசை. அவள் கையை வைத்துப் பார்த்தாள், குழாய் இளஞ்சூடாக இருந்தது. போனதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்ததை அடக்கிக்கொண்டு, இதுதான் திரும்பி வருகிற தண்ணீர் என்று பிரெஞ்சில் மரியாதையாகச் சொன்னாள். விசை விழவில்லை. நீண்ட நேரம் இருந்து பார்த்தார்கள், விழவேயில்லை. குழாய்களில் டங்கு டங்குச் சத்தமும் இல்லை.

ரெஜிக்காரர் ஒவ்வொரு வீடாக ஏறி ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்தார். இரண்டாம் மாடிக்கு வந்தபோது கிருபாகரன் பொறுக்கமாட்டாமல் வடகம் பொரித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தான். வந்தவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். இன்னொன்றும் எடுத்தார். இது எப்படிச் செய்வது என்று விசாரித்தார், கிருபாகரன் உற்சாகமாக விளக்கினான். அவர் மூன்றாவதை மென்றுகொண்டே, இந்த ஊர்க் குளிரில் இதை எங்கே காயவைக்கிறீர்கள் என்று சும்மாதான் கேட்டார்.

கிருபாகரன் மனைவியைப் பார்த்தான். மிஷெல் யன்னலுக்கு வெளியே பார்த்தார். முதல் நாள் பின்னேரமே அவர் சொல்லியிருந்தார், கட்டைக் கதையை வெளியே விடாதே, குடியிருப்பவர் வீட்டுச் சாமானைக் கழற்றியது தெரிந்தால் அதையே சாட்டாக வைத்து எழுப்பலாம் என்று. அருள்மலர் கணவனுடைய முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லி ஒரு கொதிகலனைக் காப்பாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்கு வேறு யாராவது ஒரு கட்டையை உருவினால் தண்ணீர் மறுபடி மேலே தங்கும், அப்போது யாருக்கும் காரணம் தெரியாது.

ரேடியேட்டரின் மேல் காயவைக்கிறோம் என்றாள். தட்டு வழுக்கியது, அதனால் என் கணவர் எல்லா வீட்டிலும் கட்டைகளை எடுத்துவிட்டார், அதனால்தான் தண்ணீர் திரும்பவில்லை, புதன்கிழமை கொதிகலன் நின்றது, நேற்றுக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டோம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். குனிந்து காலடியைக் காட்டினாள். சாப்பாட்டு மேசையோரத்து ரேடியேட்டரின் காலுக்குக் கீழே பச்சைக் கட்டை ஒன்று பஞ்சுப் பனியோடு இருந்தது.

ரெஜிக்காரர் குந்தியிருந்து அதைப் பார்த்தார். ஒரு வைக்கோல் துண்டை விரலால் எடுத்தார். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இனிமேல் யாரும் இவற்றைத் தொடமாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இங்கேதானே இருக்கிறேன்," என்றாள் அருள்மலர். "ஒவ்வொரு நாளும் இந்தக் குழாய்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு."

அவர் மிஷெலைப் பார்த்தார், மிஷெல் தலையாட்டினார். அவர் தட்டில் மிச்சமிருந்த வடகத்தைப் பார்த்தார்.

"அப்படியென்றால் நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும்," என்றார். "எல்லோரும்தான்."

அவர் படியிறங்கிப் போனார். வெளிக்கதவு சாத்திய சத்தம் கேட்டதும் மேலே இராஜேஸ்வரி அக்கா வீட்டுக் கதவு திறந்தது, போர்த்துக்கல் வீட்டுக் கதவு திறந்தது, மதாம் ஏபி செருப்புக் காலோடு படியில் நின்று என்ன சொன்னார் என்று கேட்டா. அருள்மலர் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. கிருபாகரன் அவளுக்காகச் சொன்னான். இராஜேஸ்வரி அக்கா இறங்கி வந்து அவளுடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டா.

அன்று பின்னேரம் கிருபாகரன் பழக்கதோசத்தில் வடகத் தட்டை ரேடியேட்டர் மேல் வைத்தான். தட்டு மெல்ல வழுக்கத் தொடங்கியது. அவன் பாய்ந்து பிடித்துக்கொண்டு மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தான். அவள் வேலைப் பெட்டியைத் திறந்து, மிஷெலின் பட்டறையில் வெட்டி எடுத்துவந்த கைவிரல் தடிப்பான புதுக்கட்டை ஒன்றைக் கொடுத்து, இதைத் தட்டுக்குக் கீழே வையுங்கோ, சோஃபாஜுக்குக் கீழே கை வைக்காதேங்கோ என்றாள். தட்டு மட்டமாக நின்றது. குழாய்க்குள் தண்ணீர் இறங்கிப் போவது கேட்டது. அந்த வீட்டில் அவர்களுடைய பதினாறாவது குளிர்காலம் அப்படித்தான் தொடங்கியது.